மூக்கன் வண்டுக்குப் பேர் வைத்தது யார்?



துரைமார் சொன்ன 'பரேட்' நம் வாயில் 'பெரட்டு' ஆயிற்று. வயதானவர்களுக்குப் பெரட்டு என்றால்தான் விடியற்கருக்கலும், வாளியும் உளியும், தண்டல் போட்ட சத்தமும் நினைவுக்கு வரும். பரேட் என்றால் அது பட்டணத்தில் நடக்கிற சுதந்திர தின ஊர்வலம். சொல் ஒன்றுதான். யார் வாயில் இருக்கிறது என்பதைப் பார்த்து அதன் பொருள் இடம் மாறிக்கொள்கிறது.

இதே போல வாய் மாறி வாய் மாறி வந்த இன்னொரு சொல்லின் கதையை இந்த வாரம் சொல்கிறேன். அது ஒரு பூச்சியின் பெயர். பூச்சி நம் நாட்டுப் பூச்சி அல்ல. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக் காட்டைத் தின்று தீர்த்த பூச்சி. 'போல் வீவில்' என்பார்கள். இந்தப் 'போல்' கிளி போல், மயில் போல் என்கிற நம் 'போல்' அல்ல. அது என்ன என்று கீழே வருகிறது.

பூச்சிக்கும் தொழிலாளர் பக்கத்துக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு பெரிய உழைக்கும் சனம் ஊரைவிட்டுக் கிளம்பியதற்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். பூச்சி மேல் பழியைப் போட்டுவிட்டால் கணக்கு எழுதியவன் தப்பித்துக்கொள்ளலாம் அல்லவா?

முதலில் சொல்லைப் பிரிப்போம்.

நம் 'பால்மரம்' எப்படி? பால், மரம். இரண்டு சொல்லை ஒட்டி வைத்தோம், வேலை முடிந்தது. இங்கிலீஷ்காரனும் அப்படித்தான் ஒட்டினான். 'போல்' என்றால் காய். எல்லாக் காயும் அல்ல. உருண்டையாக விதையை உள்ளே வைத்து மூடியிருக்கிற காய். இலவ மரத்துக் காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பருத்திக்காய் அதைவிடச் சிறிது, உருண்டை, செடியில் காய்ப்பது. அதுதான் போல். சோறு குழம்பு வைக்கிற கிண்ணத்துக்கு இங்கிலீஷில் 'பௌல்' என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம். உருண்டையாக, குடுவை மாதிரி இருப்பது என்பதே பழைய பொருள். இங்கிலாந்தில் பருத்தி விளையாது. அங்கே முதலில் ஆளிச்செடியின் விதைக்காய்க்குத்தான் இந்தப் பெயர் இருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், எகிப்து தேசத்தில் கல்மழை விழுந்த கதை வருகிற இடத்தில், ஆளிச்செடி காய்ப் பருவத்தில் இருந்ததைச் சொல்ல இந்தச் சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள். பிறகு கடல் தாண்டி அமெரிக்கா போன வெள்ளைக்காரன் பருத்தி போட்டான். பழைய பெயரைப் புதுக் காய்க்கு வைத்தான்.

'வீவில்' இன்னும் பழசு. ஆயிரம் வருசத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் 'விஃபல்' என்று இருந்தது. அப்போது அது எந்த வண்டுக்கும் பொதுப் பெயர். சாணியில் கிடக்கிற வண்டை 'ஷார்ன் விஃபல்' என்றார்கள். ஷார்ன் என்றால் சாணி. நாமும் சாணி வண்டு என்றுதானே சொல்கிறோம்! ஒட்டுச்சொல் கட்டுகிற வித்தையில் எல்லா ஊர்க் குடியானவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். நாளாக ஆக, நீண்ட மூக்கு உள்ள வண்டுக்கு மட்டும் 'வீவில்' என்று ஆகிவிட்டது. அரிசி மூட்டையைப் பிரித்ததும் முறத்தில் போட்டுப் புடைக்கிறோமே, கறுப்பாக ஊர்ந்து ஓடுமே, அதுவும் ஒரு வீவில்தான். உற்றுப் பாருங்கள், மூக்கு நீண்டிருக்கும். தமிழ்நாட்டு விவசாயப் புத்தகங்களில் இந்த வகைக்குக் கூன்வண்டு என்று பெயர். மலாய்க்காரர்கள் 'கும்பாங் பெலாலாய்' என்கிறார்கள். பெலாலாய் என்றால் யானைத் தும்பிக்கை. எனக்கு இந்த மலாய்ப் பெயர்தான் ரொம்பப் பிடித்தது.

'ஈவில்' என்றால் இங்கிலீஷில் தீமை. வீவில் என்பதற்குள்ளே ஈவில் இருக்கிறது, அதனால்தான் தீய பூச்சிக்கு இந்தப் பெயர் என்று யாராவது சாமர்த்தியமாகச் சொன்னால் நம்பாதீர்கள். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லாராய்ச்சிக்காரர்கள் வீவில் என்ற சொல்லை நெய்வதைக் குறிக்கும் 'வீவ்' என்ற சொல்லோடுதான் சேர்க்கிறார்கள். தறியில் நாடா போய் வருகிற மாதிரி அங்கும் இங்கும் ஓடுகிற ஜந்து என்று பொருள் சொல்கிறார்கள். நெசவுக்கு நூல் கொடுக்கிற பருத்தியை, நெசவின் பெயரைச் சுமந்த வண்டு தின்றது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்தது.

ஆக, போல் வீவில் என்றால் காய்வண்டு. அவ்வளவுதான். அதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, பருத்திக்காயைத் துளைக்கிற ஒரு புழுவுக்கு 'போல் வேர்ம்', அதாவது காய்ப்புழு என்று பெயர் இருந்தது. அந்த அச்சிலேயே இதையும் வார்த்தார்கள்.

ஆனால் இந்தப் பூச்சிக்கு முதலில் கிடைத்த பெயர் இது அல்ல.

இதன் பூர்வீகம் மெக்சிக்கோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும். அங்கே ஸ்பானிய மொழி பேசும் சனங்கள் 'பிக்கூதோ' என்றார்கள். பிக்கோ என்றால் அலகு. நம் பாஷையில் மூக்கன். பார்த்த உடனே தெரிகிற அடையாளத்தை வைத்துச் சொன்ன பெயர். போஹெமன் என்ற சுவீடன் நாட்டு விஞ்ஞானி 1843இல் லத்தீனில் 'அந்தோனோமஸ் கிராண்டிஸ்' என்று பெயர் சூட்டினார். பூவை மேய்கிற பெரியது என்று பொருள். பெரியது என்றவுடன் மலைத்துவிடாதீர்கள், கால் அங்குலம்தான்!

1892ஆம் ஆண்டு வாக்கில் இது ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பிரவுன்ஸ்வில் பக்கம் வந்தது. 1894இல் அமெரிக்க விவசாய இலாகா டவுன்சென்ட் என்ற பூச்சி நிபுணரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. மறு வருசம் அச்சான இலாகா அறிக்கைகளில் இதற்கு 'மெக்சிக்கன் காட்டன் போல் வீவில்' என்று பெயர் இருந்தது. மெக்சிக்கோப் பருத்திக்காய் வண்டு. பூச்சிக்குப் பாஸ்போர்ட் போட்ட மாதிரி எந்த நாட்டுக்காரன் என்பதை முன்னால் எழுதினார்கள். பிறகு பூச்சி அமெரிக்கா முழுக்கக் குடியேறி, ஆட்களின் பேச்சிலும் ஏறிய பின்னர், மெக்சிக்கோ உதிர்ந்தது, பருத்தியும் உதிர்ந்தது. இன்னார் காயில் இன்ன வண்டு என்று சொல்லத் தேவையே இல்லாத அளவுக்கு அது எல்லார் வீட்டு விசயம் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த வண்டுக்குக் காயைவிட மொட்டின் மேல்தான் ஆசை அதிகம். பெண் வண்டு மூக்கால் மொட்டில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை இட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளிருந்தே தின்னும். மொட்டு வாய் பிளந்து உதிரும். மொட்டு போதாதபோது காய்க்குப் போகும். முட்டையிலிருந்து வண்டாக மூன்று வாரம் போதும். ஒரு போகத்துக்குள் பல தலைமுறை பெருகிவிடும். ஆனால் பெயரில் மொட்டு இல்லை, காய்தான் இருக்கிறது. மூக்கைப் பார்த்தவன் மூக்கன் என்றான். காயைப் பார்த்துக்கொண்டிருந்தவன் காய்வண்டு என்றான். அந்தக் காய் யாருடையது?

பாதிக்குப் பாதி

1865இல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலையான கறுப்பின மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எசமானரின் நிலத்திலேயே வாரத்துக்குப் பாடுபட்டார்கள். விளைந்ததில் பாதி நிலக்காரனுக்கு. மீதிப் பாதி உழைத்தவனுக்கு என்று பெயர். ஆனால் விதை, எரு, கோவேறு கழுதை, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் நிலக்காரன் கடையிலோ அவன் சொன்ன வியாபாரியிடமோ கடன். வருசக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது பேனா யார் கையில்? கடைக் கணக்கு என்றால் என்ன என்று நம் பாட்டன் பாட்டிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கடனுக்கு ஈடாக வியாபாரி ஏற்றுக்கொண்டது பருத்தி ஒன்றைத்தான். சோளம் போடுகிறேன், காய்கறி போடுகிறேன் என்றால் கடன் கிடையாது. வீட்டு வாசல் வரைக்கும் பருத்தி போட்டார்கள்.

இந்த நிலத்துக்குள்தான் மூக்கன் நுழைந்தது. ஒரே பயிர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. அதற்கு வேறென்ன வேண்டும்? டவுன்சென்ட் ஆரம்பத்திலேயே ஒரு யோசனை சொன்னார். எல்லையில் ஒரு பட்டைப் பகுதியில் பருத்தியே போடாமல் நிறுத்திவிட்டால் பூச்சி பட்டினி கிடந்து நின்றுவிடும் என்றார். டெக்சாஸ் சட்டமன்றம் அதற்குச் சட்டம் செய்யவில்லை. பூச்சி நடந்துகொண்டே இருந்தது. 1907 வாக்கில் மிசிசிப்பி. 1910க்குள் அலபாமா. 1915 வாக்கில் ஜார்ஜியா. 1922க்குள் ஏறத்தாழப் பருத்தி விளைகிற நாடு முழுக்க. ஜார்ஜியாவில் கிரீன் என்ற ஒரு மாவட்டத்தில் 1919இல் சுமார் 20,000 பொதி பருத்தி எடுத்தார்கள். 1922இல் 400 பொதிகூட இல்லை. மூன்றே வருசம்!

எதிர்த்துப் போராடியது யார் என்கிறீர்கள்? உதிர்ந்த மொட்டுகளைக் குனிந்து குனிந்து பொறுக்கி எரிக்கச் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கினார்கள். பிறகு கால்சியம் ஆர்சனேட் வந்தது. ஆர்சனிக் என்பது பாஷாணம், அதை மறந்துவிடாதீர்கள். அதைச் சர்க்கரைப் பாகிலும் தண்ணீரிலும் கரைத்து, குச்சியில் துணி சுற்றி, செடி செடியாகத் தடவினார்கள். கையுறை, முகமூடி பற்றியெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் பேசவில்லை. நாம் அதைப் படித்து வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் நாட்டில் பாரக்குவாட் தடையானதே 2020 சனவரி முதல் தேதியில்தான். பணக்கார முதலாளிகள் விசத் தூளை ஆகாய விமானத்தில் தூவினார்கள். அப்படித் தூள் தூவப் பிறந்த ஒரு கம்பெனிதான் பிற்காலத்தில் டெல்டா என்ற பெரிய விமானக் கம்பெனி ஆயிற்று. பூச்சியால் பறந்தவர்களும் உண்டு!

அலபாமாவில் என்டர்பிரைஸ் என்று ஓர் ஊர். அங்கே 1919 டிசம்பரில் இந்தப் பூச்சிக்கு நன்றி சொல்லி நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். பருத்தி போனதால்தான் வேர்க்கடலை போட்டோம், கடலையால் ஊர் செழித்தது என்பது அவர்கள் கணக்கு. சின்னத்தில் நின்றது கைகளை உயர்த்திய ஒரு பெண். பூச்சி இல்லை! 1949இல்தான் அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் ஒரு வண்டு உருவத்தைச் செய்து வைத்தார்கள். கடலைக்கு மாற முடிந்தவன் யார்? கையில் நிலமும், வங்கியில் பேச ஆளும் உள்ளவன். வாரத்துக்கு உழுதவன் எந்தப் பயிரைப் போடுவது என்று தானாக முடிவு செய்ய முடியாது. அவன் வீட்டு வாசலில் நன்றிச் சின்னம் வைக்க ஒன்றுமில்லை.

அவன் கிளம்பினான். 1916 முதல் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் ரயிலேறிச் சிக்காகோ, டெட்ராய்ட் என்று வடக்கே போனார்கள். ஐரோப்பாவில் முதல் உலகப் போர். ஆலைகளுக்கு ஆள் வேண்டும். பூச்சி விரட்டியது, போனார்கள் என்று சுருக்கமாக எழுதிவிட்டார்கள். பூச்சியும் ஒரு காரணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுப் போட முடியாத ஊர், பிள்ளைக்குப் படிப்பில்லாத ஊர், ஆளைப் பிடித்து மரத்தில் தொங்கவிடும் ஊர் அது. பூச்சி மட்டும் விரட்டியிருந்தால், போகிறவனை ஏன் தடுக்க வேண்டும்? வடக்கே வேலைக்கு ஆள் சேர்க்கிற ஏஜெண்டுகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஜார்ஜியாவில் மேக்கன் என்ற நகரம் ஆள் சேர்க்க லைசென்ஸ் கட்டணம் 25,000 டாலர் என்று வைத்தது. பருத்தியைப் பூச்சி தின்றுவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்பவன் இப்படியா செய்வான்? கையில் கடன் சீட்டோடு ஆள் அங்கேயே கிடக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

அந்தச் சனம் இந்தப் பெயரை என்ன செய்தது தெரியுமா? 'போல்' என்பதன் கடைசி எழுத்தை விழுங்கி 'போ வீவில்' ஆக்கியது, நாம் பெரட்டு ஆக்கியது மாதிரி. சில நேரம் 'மிஸ்டர்' என்று மரியாதையும் சேர்த்தது. பாட்டுக் கட்டியது. மா ரெய்னி என்ற அம்மையார் 1923இல் இசைத்தட்டில் பாடினார். மிசிசிப்பியின் சார்லி பாட்டன் 1929இல் பாடினார். வயலில் பாடப்பட்ட பழைய பாட்டுகளில் பூச்சியும் குடியானவனும் பேசிக்கொள்வார்கள். பூச்சி வீடு தேடி அலையும். சூட்டில் போட்டாலும் குளிரில் போட்டாலும், இதுதான் என் வீடு என்று சொல்லும். வீடு இல்லாத சனம் வீடு தேடுகிற பூச்சியைப் பாடியது. இலாகா அறிக்கையில் அது எதிரி. பாட்டில் அது கூடப் பிறந்தவன் மாதிரி. எனக்குப் பாட்டின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

1978இல் அமெரிக்க அரசாங்கம் வர்ஜீனியா, வட கரோலைனா பக்கம் பூச்சியை அடியோடு ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே டெக்சாஸின் தென்கோடியைத் தவிர மற்ற இடங்களில் ஒழிந்துவிட்டது. பூச்சி ஒழிந்தாலும் சொல் ஒழியவில்லை. 1981இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் தென் மாநில ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலர், சொந்தக் கட்சியை விட்டு ரீகன் கொண்டுவந்த செலவுக் குறைப்புக்கும் வரிக் குறைப்புக்கும் ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்குப் 'போல் வீவில்கள்' என்று பெயர் வந்தது. காய்க்குள் இருந்துகொண்டே அரிக்கிறவர்கள்!

சொல்லின் பாதி நம் நாட்டுக்கு வந்தது

அதே 1981ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். ஜோகூர், குளுவாங். அந்தச் சொல்லின் பின்பாதி மட்டும் நம் செம்பனைக்குள் இறங்கியது.

அதற்கு முன்பு செம்பனையில் ஆண் பூவின் தூளை எடுத்துக் காயவைத்து, டால்கம் மாவோடு கலந்து, பெண் பூ விரிந்த மரமாகத் தேடிப் போய் ஊதிவிடுகிற வேலை தோட்டங்களில் இருந்தது. பூ விரிந்து இரண்டொரு நாளுக்குள் ஊதியாக வேண்டும். ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று தடவை அதே மரங்களைச் சுற்றி வரவேண்டும். மட்டை முள்ளை விலக்கிக்கொண்டு செய்கிற வேலை. செம்பனையின் தாய்நாடான ஆப்பிரிக்காவில் யாரும் இப்படி ஊதுவதில்லை. அங்கே ஒரு சின்ன வண்டு அந்த வேலையைச் செய்கிறது என்பதை ஆர். ஏ. சையத் என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் 1970களின் கடைசியில் கமரூன் நாட்டில் ஆராய்ந்து நிலைநாட்டினார். அதுவும் மூக்கு நீண்ட வீவில்தான். ஆண் பூவில் முட்டையிடும். பெண் பூ விரியும்போது வரும் சோம்பு வாசனையில் மயங்கி, உடம்பெல்லாம் தூளோடு அங்கேயும் போகும். வேறு பயிரைத் தொடாது என்று சோதித்துப் பார்த்துவிட்டு, குளுவாங்கில் பாமோல் தோட்டத்தில் விட்டார்கள். சீக்கிரமே தீபகற்பம் முழுக்கப் பரவியது. குலையில் காய் நிறையப் பிடித்தது. தூள் ஊதும் வேலை தோட்டத்தை விட்டுப் போயிற்று.

அங்கே ஒரு வீவில் பயிரை அழித்தது, ஆள் கிளம்பினான். இங்கே ஒரு வீவில் பயிரை வளர்த்தது, ஆளின் கைவேலை போயிற்று. கம்பெனிக் கணக்கில் கூலி மிச்சம் என்று எழுதினார்கள். வண்டு மேல் எனக்குக் கோபம் இல்லை, அது சம்பளமா கேட்டது? விளைச்சல் கூடியதில் தொழிலாளிக்கு என்ன பங்கு வந்தது என்பதுதான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைக் கேட்பதற்குள் செக்ரோலில் அந்த வேலைக்கு இருந்த பத்தி காலியாகிவிட்டது.

வீவில்களில் இன்னொன்றும் இருக்கிறது. 2007இல் திரங்கானுவில் தென்னையில் காணப்பட்ட சிவப்புக் கூன்வண்டு. லயத்துப் பின்னால் தென்னை வைத்திருப்பவர்கள் குருத்து சாய்ந்தால் அசட்டையாக இருக்க வேண்டாம். விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

1981க்கு முன்னால் செம்பனையில் தூள் ஊதிய அம்மாமார், அக்காமார் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வேலைக்கு உங்கள் தோட்டத்தில் என்ன பெயர் சொன்னீர்கள்? ஊதுகிற குழலுக்கு என்ன பெயர்? புதிதாக வந்த அந்த வண்டை என்னவென்று கூப்பிட்டீர்கள்? இலாகா வைத்த பெயர்கள் புத்தகத்தில் இருக்கின்றன. உங்கள் பெயர்களை ஒரு தாளில் எழுதி, தோட்டத்தின் பெயரையும் வருசத்தையும் போட்டு, இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள்.